கறுப்பு வெள்ளையில் மஞ்சள்

மூன்றாவது பிரிண்டர் வந்து இறங்கிய அன்று எங்கள் சமையலறையில் நாற்பது கிலோ சிவப்புக் குடைமிளகாய் காத்துக்கிடந்தது. அக்டோபர் மாதம். டானூப் ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் ரூசே நகரத்தின் எல்லா அடுக்குமாடிகளிலும் பால்கனிக்குப் பால்கனி மிளகாய் சுடுகிறார்கள், தோல் உரிக்கிறார்கள், தொக்குக் கிளறி பாட்டிலில் அடைக்கிறார்கள். எல்லாரும் மேசையில் வைத்துத்தான் உரிக்கிறார்கள். நான் மட்டும் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து உரித்தேன். எங்கள் வீட்டில் இருக்கும் ஒரே மேசையில் பிரிண்டர் உட்கார்ந்திருந்தது.

அதை வாங்கியவன் என் புருஷன் காமென். வயது அறுபத்தெட்டு. முப்பத்தைந்து வருஷம் ரயில்வே பணிமனையில் இன்ஜின்களைப் பிரித்துப் பூட்டியவன். அதைவிட அதிக வருஷமாகக் கழுத்தில் கேமராவை மாட்டிக்கொண்டு திரிகிறவன். கறுப்பு வெள்ளைதான் எடுப்பான். கலர் என்று யாராவது சொன்னால், பலகாரக் கடைக்குப் போகச் சொல்வான். எடுத்ததை எல்லாம் டப்பாக்களில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் வைப்பான். அந்தப் படங்களை என்னையும் பக்கத்து வீட்டு வெலிச்கா அக்காவையும் தவிர நாலு பேர் பார்த்திருந்தால் அதிகம்.

எங்கள் பேட்டை வாசகசாலையில் மரியெலா என்று ஒரு பெண் செயலாளராக வந்தாள். வந்த கையோடு, காமெனின் படங்களை வைத்துக் கண்காட்சி நடத்தியே தீருவேன் என்று நின்றாள். முதலில் மே மாதம் என்றார்கள். காமென் தள்ளிவைத்தான். பிறகு செப்டம்பர். அதையும் தள்ளிவைத்தான். கடைசியாக நவம்பர் முதல் தேதி, ஆசிரியர்களையும் எழுத்தாளர்களையும் கொண்டாடுகிற விழிப்புத் தந்தோர் திருநாள் அன்று திறப்பு என்று முடிவாயிற்று. அப்போது மரியெலா எங்கள் வீட்டு வாசலில் நின்று சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"காமென் மாமா, உங்க மேல எனக்கு ரொம்ப மரியாதை. ஆனா இதுதான் கடைசி. முப்பது படம், இருபத்தஞ்சாம் தேதிக்குள்ள என் கைக்கு வரணும். வரலன்னா ஹாலை எம்ப்ராய்டரிக் குழுவுக்குக் குடுத்துடுவேன். அப்புறம் நீங்க கேட்டாலும் கிடைக்காது."

"வந்துடும்மா. பிரிண்டர் மட்டும் சரியா அமையணும்" என்றான் இவன்.

அந்தப் பிரிண்டர்தான் அமையவே இல்லை.

முன்பெல்லாம் குளியலறையை இருட்டாக்கிக்கொண்டு படங்களைத் தானே கழுவிப் போடுவான். தொட்டி நிறைய மருந்துத் தண்ணீர் இருக்கும், நான் குளிக்கச் சகோதரி வீட்டுக்குப் போவேன். ஒருநாள் வாஷிங் மெஷின் வாங்கி அங்கே வைத்துவிட்டேன். அதற்கு நான் வருத்தப்படவில்லை. நெகட்டிவை ஸ்கேன் செய்து மை பிரிண்டரில் அடிக்கலாம் என்று காமெனும் ஒப்புக்கொண்டான். கடைக்குப் போனோமா, ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தோமா என்று முடிந்துவிடும் என நினைத்தேன். நினைப்புதான் பிழைப்பைக் கெடுத்தது.

முதல் பிரிண்டர் பெரிய கடையில் வாங்கியது. நாலு கலர் மை. அதில் அடித்த படத்தில் பனி முழுக்க ரோஜா நிறம். இன்ஜின் வெல்லப்பாகு மாதிரி இருந்தது. அதை நானும் பார்த்தேன், பொய் சொல்லக் கூடாது. "மூணு கலரைக் கலந்து சாம்பல் பண்றான் திருடன். சாம்பல் நிறத்துக்குத் தனி மை இருக்கணும்" என்று திருப்பிக் கொடுத்தான். சரி, நியாயம்.

இரண்டாவது சோஃபியாவிலிருந்து வந்தது. கறுப்பு ஒன்று, சாம்பல் இரண்டு, தனித்தனி மை. லிப்ட் வேலை செய்யாத நாளாகப் பார்த்து வந்தது. கொண்டுவந்த ஆள் நாலாம் மாடிக்கு ஏறி வந்து, என் முகத்தைப் பார்க்காமல் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனான். அதில் அடித்த படம் என் கண்ணுக்கு அருமையாக இருந்தது. காமென் அதை விளக்கில் பார்த்தான், ஜன்னலில் பார்த்தான், வலது கண்ணை மூடிப் பார்த்தான், இடது கண்ணை மூடிப் பார்த்தான்.

"மஞ்சள் அடிக்குது."

"எங்க?"

"எங்கயா? முழுக்க. வெள்ளையப் பாரு, வெண்ணெய் மாதிரி இருக்கு. நிழல் எல்லாம் ஒரே கட்டியா அடைச்சுக் கிடக்கு."

"எனக்கு வெள்ளையாத்தான் தெரியுது."

"உனக்கு மிளகாயத் தவிர என்ன தெரியும்?"

அன்று அவனுக்கு ராச்சோறு போட்டதே பெரிது. காகிதத்தை மாற்றினான். பருத்திக் காகிதம், வழவழப்புக் காகிதம், இரண்டுக்கும் நடுவில் ஒன்று. எல்லாம் மஞ்சள். பதினாலு நாளைக்குள் திருப்பி அனுப்பலாம் என்ற சட்டத்தை எந்த மகராசன் போட்டானோ தெரியவில்லை. பதின்மூன்றாம் நாள் நானும் அவனும் பெட்டியை மறுபடி மாடி இறக்கினோம். என் இடுப்பு மூன்று நாள் பேசியது.

பிறகு மூன்றாவது. மை மங்காது, நூறு வருஷம் நிற்கும், தண்ணீர் பட்டாலும் கரையாது என்று எழுதியிருந்தது. நூறு வருஷம் யாருக்கு வேண்டும்? எனக்கு வேண்டியது என் மேசை. நாலு நாள் அடித்தான். நாலு நாளும் மஞ்சள். மரியெலா சொன்ன தேதிக்குப் பதினோரு நாள் இருந்தது, ஒரு படம்கூடத் தேறவில்லை.

அந்த நாலாம் நாள்தான் நான் செத்துப்போனேன்.

காலை பதினொரு மணி இருக்கும். கை முழங்கை வரை மிளகாய்ச் சாறு. கதவு தட்டுகிற சத்தம். திறந்தால் வெலிச்கா அக்கா. கறுப்பு முக்காடு. கையில் சாமந்திப்பூ. கண் இரண்டும் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் "ஐயோ" என்று ஒரு அலறல். பூவைப் போட்டுவிட்டு நெஞ்சில் மூன்று முறை சிலுவை போட்டுக்கொண்டாள்.

"என்னக்கா, என்ன ஆச்சு? யாரு போயிட்டாங்க?"

"நீதாண்டி!"

"நானா?"

"கீழ கதவுல ஒட்டியிருக்கே! உன் படம், உன் பேரு, இன்னைக்குத் தேதி. நேரம்கூடப் போட்டிருக்கு, ஒன்பது நாப்பதுன்னு! நேத்துதானேடி என்கிட்ட உப்பு வாங்கிட்டுப் போன, அதுக்குள்ளயான்னு உட்கார்ந்து அழுதேன்."

கீழே கிடந்த பூவை எண்ணினேன். ஆறு. இரட்டைப்படை. உயிரோடு இருக்கிற மனுஷிக்கு எங்கள் ஊரில் யாரும் இரட்டைப்படையில் பூ கொடுக்க மாட்டார்கள்.

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கையைக்கூடக் கழுவாமல் நாலு மாடியும் இறங்கினேன். வெலிச்கா அக்கா பின்னாலேயே, நான் நிஜமா ஆவியா என்று முதுகைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

எங்கள் ஊரில் யாராவது செத்தால் கறுப்பு வெள்ளைப் படம் போட்டு, பேரும் தேதியும் அச்சடித்து, அவர்கள் குடியிருந்த கட்டடத்தின் வாசல் கதவில் ஒட்டுவோம். நாற்பதாம் நாளைக்கு ஒன்று, ஆறாம் மாதத்துக்கு ஒன்று, வருஷத்துக்கு ஒன்று. எங்கள் கதவில் எப்போதும் இரண்டு மூன்று முகங்கள் இருக்கும். அன்று காலை இரண்டாம் மாடி ஸ்பிரிதோன் போன தகவலைப் புதிதாக ஒட்டியிருந்தார்கள். அதற்குப் பக்கத்தில் நான். ஒரு முறை அல்ல, மூன்று முறை. டானூப் கரையில், இருபத்தாறு வயதில், வெள்ளைக் கழுத்துத் துணியும் கறுப்புக் கோட்டுமாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். அடியில் பென்சிலில் என் பேர், தேதி, நேரம். எதிரே இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, கழுத்தை நீட்டி என்னைப் பார்த்தபடி காமென் நின்றான்.

"மனுஷனா நீ? இந்த ஊர்லதானே பொறந்து வளர்ந்த? பொண்டாட்டி படத்தக் கொண்டாந்து இந்தக் கதவுலயா ஒட்டுவ?"

"கத்தாத. வீட்டு ஜன்னல்ல வெளிச்சம் சரியில்ல. வெளிச்சம் ஒரே சீரா விழற இடம் இது ஒண்ணுதான். உன் படத்துலதான் சுத்த வெள்ளையும் சுத்தக் கறுப்பும் இருக்கு. எந்தப் பிரிண்ட் எத்தனை மணிக்கு அடிச்சதுன்னு குறிச்சு வைக்க வேணாமா?"

"எனக்கு நெஞ்சே அடைச்சுது, காமென்" என்றாள் வெலிச்கா அக்கா. "உனக்கு இனிமே நான் சீஸ் வச்சு பனித்சா சுட்டுத் தந்தா ஏன்னு கேளு."

"மன்னிச்சுக்கோ வெலிச்கா. ஆனா வந்ததுதான் வந்துட்ட, நீயே பாத்துச் சொல்லு. இந்த ரெண்டும் புது மிஷின்ல அடிச்சது. மஞ்சள் அடிக்குதா இல்லையா?"

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு கிட்டப் போனாள். "மஞ்சளா? எங்கடா மஞ்சள்? பால் மாதிரி இருக்கு. மூணாவது?"

"மூணாவது நான் குளியலறையில கழுவிப் போட்டது, பழசு. அதுவும் இப்ப மஞ்சளாப் போச்சு பாரு. மருந்து சரியாக் கழுவல போல."

நான் அந்தப் பழைய படத்தைப் பார்த்தேன். கழுத்துத் துணி வெள்ளை வெளேரென்று இருந்தது. மூன்றிலும் ஒரே வெள்ளை. திட்டுவதற்கு வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டு, காலையில் ஒட்டிய தாளைக் காட்டினேன்.

"இது?"

"எது, ஸ்பிரிதோனா? பாவம். இதுவும் மஞ்சள்தான். மட்டமான காகிதம்."

ஒட்டி மூன்று மணி நேரம் ஆகாத தாள். பசை ஈரம்கூடக் காயவில்லை. நானும் வெலிச்கா அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அக்கா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு மேலே போனாள். நான் என் மூன்று முகங்களையும் கதவிலிருந்து பிய்த்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அவனை நாற்காலியில் உட்காரவைத்தேன்.

"எத்தனை நாளா?"

"என்னது?"

"நடிக்காத. கண்ணு எத்தனை நாளா இப்படி இருக்கு?"

அவன் பிரிண்டரைப் பார்த்தான். ஏதோ அது பதில் சொல்லும் என்பது போல. பிறகு சொன்னான்.

"ஏப்ரல்ல. ரயில்வே ஆஸ்பத்திரியில சொன்னாங்க. ரெண்டு கண்லயும் புரை. வலது ரொம்ப மோசம்."

ஏப்ரல்! மே மாதக் கண்காட்சி ஏன் தள்ளிப்போயிற்று, செப்டம்பர் ஏன் தள்ளிப்போயிற்று என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பிரிண்டரை ஜன்னல் வழியாக வீசியிருப்பேன். தூக்க முடியாது என்பதால் தப்பித்தது.

"புரைடா! வெறும் புரை! வெலிச்கா அக்கா ரெண்டு கண்ணும் பண்ணிக்கிட்டு இப்ப என் அலமாரித் தூசியெல்லாம் எண்ணிட்டுப் போறா. அரை மணி நேர வேலை. அதுக்காக மூணு பிரிண்டரை நாலு மாடி ஏத்தி இறக்கினியே, உனக்கு மனசாட்சி இருக்கா? நல்ல மிஷினை, ரெண்டாவதை, திருப்பி வேற அனுப்பிட்ட!"

"கண்ல கத்தி வைக்க விட மாட்டேன்."

"ஏன்?"

"பணிமனையில ஒருதரம் இரும்புத் தூள் கண்ல ஏறிச்சே, ஞாபகம் இருக்கா? ஊசி போட்டுத்தான் எடுத்தாங்க. ஊசி வர்றதைப் பாத்துக்கிட்டே இருக்கணும், பாவ்லினா. கண்ணை மூடவும் முடியாது. அது போதும் எனக்கு."

அவனே மறுபடியும் பேசினான். குரல் மிகவும் தணிந்திருந்தது.

"எனக்கும் தெரியும், மிஷின் மேல தப்பு இல்லன்னு. முதல்ல தெரியாது. அப்புறம் தெரிஞ்சுது. ஆனா ஒரு நம்பிக்கை. ரொம்ப நல்ல மிஷினா ஒண்ணு வந்துட்டா, என் கண்ணுக்கே தெரியுற மாதிரி அடிச்சுக் குடுக்கும்னு நினைச்சேன்."

திட்ட வேண்டும் போலவும் இருந்தது, அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. மிளகாய்க் கையைக் கழுவிவிட்டு வந்து மேசையருகே நின்றேன்.

"இந்த மிஷின் இங்கதான் இருக்கப் போகுது. இனி ஒரு பெட்டி இந்தப் படியில ஏறாது, இறங்காது. எந்தப் படம்னு நீ சொல்லு, எப்படி இருக்குன்னு நான் பாத்துச் சொல்றேன். பதினோரு நாள் இருக்கு."

"உனக்கு என்ன தெரியும்?"

"மிளகாயத் தவிர ஒண்ணும் தெரியாது. ஆனா ரெண்டு கண்ணும் தெரியுது."

இப்படித்தான் ஆரம்பித்தோம். அவன் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வான். பிரிண்ட் வெளியே வந்ததும் நான் ஜன்னலுக்கு எடுத்துப் போவேன். படத்தைப் பார்க்காமலே கேள்வி கேட்பான்.

"இடது பக்கம் கீழ, பாலத்துக்கு அடியில, ஒரு சக்கரம் இருக்கும். எத்தனை ஆரக்கால் எண்ண முடியுது?"

"ஏழு."

"ஒன்பது இருக்கணும். கம்ப்யூட்டர்ல நிழலைக் கொஞ்சம் வெளுக்க விடு. இன்னும் ஒண்ணு அடி."

"இப்ப ஒன்பது."

"நடுவுல நிக்கறவன் முகத்துல, மூக்கோரம், வெள்ளை செத்துப்போய்க் கிடக்கா, இல்ல தோல் தெரியுதா?"

"தோல் தெரியுது. மரு ஒண்ணு இருக்கு."

"அது மரு இல்ல, கரித்துண்டு. சரி, அது போதும்."

இந்த மனுஷன் நாற்பது வருஷத்துக்கு முன்னால் எடுத்த படத்தில் சக்கரத்துக்கு எத்தனை ஆரக்கால் என்று ஞாபகம் வைத்திருக்கிறான். எங்கள் கல்யாண நாளைக் கேட்டால் விழிப்பான். பருத்திக் காகிதம் கறுப்பைக் குடித்துவிடுகிறது, கொஞ்சம் பளபளப்புள்ளதில்தான் அவன் கேட்கிற கறுப்பு நிற்கிறது என்று எனக்கே மூன்றாம் நாளில் பிடிபட்டது. "சாம்பல்ல எத்தனை படி தெரியுது?" என்று கேட்டால் ஆசிரியர் முன்னால் நிற்கிற மாதிரி எண்ணிச் சொன்னேன். நடுவில் பத்து முறையாவது சண்டை போட்டோம். ஒருமுறை நான் பிரிண்டை மேசைமேல் எறிந்துவிட்டுப் போய்த் தொக்குக் கிளறினேன். அவன் பின்னாலேயே வந்து, "அந்த வானம், மேல் ஓரத்துல, வெறுமையா இருக்கா, இல்ல மேகம் இருக்கா, அதை மட்டும் சொல்லிட்டுக் கிளறு" என்றான். மேகம் இருந்தது.

இருபத்தைந்தாம் தேதி மாலை மரியெலாவிடம் முப்பது படத்தைக் கொடுத்தோம். கண் விஷயத்தில் மட்டும் அவன் பிடிகொடுக்கவில்லை. அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து பால்கனிக்குப் போய்விடுவான்.

திறப்பு விழாவுக்குக் கூட்டம் வந்தது. பணிமனை ஆட்கள், பேட்டைக்காரர்கள், எங்கிருந்தோ இளவட்டங்கள். வெலிச்கா அக்கா, சுடமாட்டேன் என்று சொன்ன பனித்சாவை இரண்டு தட்டு சுட்டுக் கொண்டுவந்திருந்தாள். காமென் பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு, என் முழங்கையை இறுகப் பிடித்தபடி சுவரோரமாக நகர்ந்தான். பார்க்கிறவர்களுக்கு ஏதோ அன்னியோன்னியம் மாதிரி இருந்திருக்கும். ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் நின்று, உதட்டை அசைக்காமல் என்னைக் கேட்டான், "இது எது?"

"ஆறு உறைஞ்ச வருஷம்."

உடனே சுற்றி நின்றவர்களிடம் ஆரம்பித்துவிட்டான். அன்று எவ்வளவு குளிர், கேமரா எப்படி உறைந்தது, நடுவில் நிற்கிறவன் பேர் என்ன, அவன் அப்புறம் யாரைக் கட்டினான், எல்லாம். ஜனங்கள் சிரித்தார்கள். அடுத்த படம். "இது எது?" "கொதிகலன் ஷெட்டு." மறுபடி பத்து நிமிஷம். ஒரு ஆளுக்கும் சந்தேகம் வரவில்லை. கறுப்பு இவ்வளவு ஆழமாக எந்தப் பிரிண்டரில் வந்தது என்று ஒரு பையன் கேட்டதற்கு, "அவளைக் கேளு" என்றான். நான் மாடலைச் சொன்னேன். எனக்குப் பெருமையாக இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

முப்பதாவது படத்துக்கு வந்தோம். கூட்டம் பனித்சாவுக்குக் கலைந்திருந்தது.

"இது எது?"

நான் அவன் கோட்டுக் காலரைச் சரிசெய்தேன்.

"பாவ்லினா, இது எதுன்னு கேட்டேன்."

"இது நீ எடுத்ததில்ல. உனக்கு இருபத்தொன்பதுதான் தேறிச்சு. ஒண்ணு நான் எடுத்ததைப் போட்டுட்டேன்."

"நீ எப்ப படம் எடுத்த?"

"வாழ்க்கையில ஒண்ணே ஒண்ணு. உன் ஃபிலிம் ரோல்ல, கடைசிச் சட்டத்துல இருந்துச்சு. நீ பிரிண்ட் போடவே இல்ல."

அவன் கண்ணாடிச் சட்டத்தில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் கிட்டப் போனான். வலது கண்ணை மூடினான், இடது கண்ணை மூடினான்.

"ஒரு ஆளு உட்கார்ந்திருக்கான். கறுப்புக் கோட்டு. முகம் பிடிபடல. யாரு?"

"நீதான். கோர்னா ஓரியஹோவித்சா ஸ்டேஷன் பெஞ்சுல. ரயில் அஞ்சு மணி நேரம் லேட்டு. வாயைத் திறந்துக்கிட்டுத் தூங்கற. யாரோ பிடுங்கிட்டுப் போற மாதிரி ரெண்டு கையாலயும் என் கையப் பிடிச்சு வச்சிருக்க. நான் மத்த கையால கேமராவைத் தூக்கி எடுத்தேன்."

"ஃபோகஸ் இருக்கா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. எனக்கு நல்லாத் தெரியுது."

மஞ்சள் என்று மட்டும் சொல்லட்டும், இத்தனை பேர் முன்னாலும் பரவாயில்லை, ஒன்று வைத்துவிடுவது என்று நான் தயாராக இருந்தேன்.

"இது எத்தனை நாள் வரைக்கும் மாட்டியிருக்கும்?" என்றான்.

"இருபதாம் தேதி வரைக்கும்னா மரியெலா."

விரலை நீட்டிக் கண்ணாடியைத் தொட்டான். முகம் இருக்கிற இடத்துக்கு அரை சாண் தள்ளித் தொட்டான்.

"திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்கு ஃபோன் பண்ணு" என்றான். "அதுக்குள்ள ஒரு கண்ணாவது பண்ணிட முடியுமான்னு கேளு."